கொட்டினால் போதுமா? அடுக்குச் சாக்லேட் குக்கீ டம்ப் கேக் செய்முறை

அமெரிக்க வீடுகளில் 'டம்ப் கேக்' என்றால் மாவு கரைக்காமல், முட்டை அடிக்காமல், எல்லாவற்றையும் ஒரே ட்ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி நேரே ஓவனுக்குள் தள்ளுகிற கேக். இதன் பழைய வடிவம் பழத்தில் செய்வது. ஒரு டின் நசுக்கிய அன்னாசி, ஒரு டின் செர்ரி பை ஃபில்லிங், அதன்மேல் பெட்டியைப் பிரித்து அப்படியே தூவிய மஞ்சள் கேக் மிக்ஸ், மேலே வெண்ணெய். சர்ச் விருந்து, பாட்லக் போன்ற இடங்களுக்கு ஆளுக்கொரு பண்டம் எடுத்துப் போகும்போது இருபது பேருக்கு அரைமணி வேலையில் முடிகிற இனிப்பு இது.

சாக்லேட் குக்கீ டம்ப் கேக் அதன் தம்பி. பழத்துக்குப் பதில் ஓரியோ, டின் சாறுக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க்கும் கிரீமும், மேலே சாக்லேட் கேக் மிக்ஸ். முட்டை கிடையாது என்பதால் சைவ வீடுகளுக்கும் ஒத்துவரும்.

பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினால் மட்டும் ஏமாந்துபோவீர்கள். வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பிடி வேகாத மாவு அப்படியே உட்கார்ந்திருக்கும். பழ டம்ப் கேக்கில் டின்னிலுள்ள சாறு கீழிருந்து ஏறி மாவை நனைத்துவிடும். அலட்சியமாகச் செய்தாலும் தப்பிக்கலாம். குக்கீ வடிவத்தில் அந்தச் சாறு இல்லை. போதாக்குறைக்கு அடியிலிருக்கும் குக்கீயும் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆக இந்தக் கேக் முழுக்க முழுக்க ஈரக் கணக்கு. கீழே வரும் அளவுகளும் வரிசையும் அந்தக் கணக்கை வைத்துப் போட்டவை.

தேவையானவை

9×13 அங்குல ட்ரேக்கு, அதாவது 23×33 செ.மீ., உயரம் குறைந்தது 5 செ.மீ. உள்ளதற்கு:

ஓரியோ குக்கீ – 400 கிராம், ஏறக்குறைய 36
கண்டென்ஸ்டு மில்க் – 1 டின், 397 கிராம்
விப்பிங் கிரீம் – 240 மி.லி., நன்றாகக் குளிர்ந்தது
சாக்லேட் கேக் மிக்ஸ் – 1 பெட்டி, 432 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 170 கிராம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கட்டி
பால் – 120 மி.லி., அறை வெப்பத்தில்
இன்ஸ்டன்ட் காபித் தூள் – 1 டீஸ்பூன்
உப்பு – கால் டீஸ்பூன்
ட்ரேயில் தடவக் கொஞ்சம் வெண்ணெய்

அமெரிக்காவில் இருப்பவர்கள் கடையில் இரண்டு இடங்களில் கவனிக்க வேண்டும். ஒன்று, கேக் மிக்ஸ் பெட்டி. முன்பு 15.25 அவுன்ஸ், அதாவது 432 கிராம் இருந்தது. இப்போது சில பிராண்டுகள் 13.25 அவுன்ஸாக, 375 கிராமாகக் குறைத்துவிட்டன. சின்னப் பெட்டி கிடைத்தால் பாலை 90 மி.லி. ஆக்குங்கள், வெண்ணெயை 150 கிராமாக்குங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இரண்டாவது, கண்டென்ஸ்டு மில்க்கும் எவாப்பரேட்டட் மில்க்கும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி டின்னில், தோளோடு தோள் நிற்கும். எவாப்பரேட்டட் மில்க்கில் சர்க்கரை கிடையாது, தண்ணீராக ஓடும். அதை ஊற்றினால் குக்கீ அடுக்கு கஞ்சியாகிவிடும். 'ஸ்வீட்டன்ட்' என்ற சொல் டின்மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூடையில் போடுங்கள்.

பெரும்பாலான அமெரிக்கச் செய்முறைகள் கிரீமுக்குப் பதிலாக 8 அவுன்ஸ் கூல் விப் டப்பா ஒன்றைச் சொல்லும். அடித்த கிரீம் போலவே இருக்கும், உறைநிலையில் விற்கும் இனிப்புப் பொருள் அது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலைந்து மணி நேரம் வைத்து இளகவிட்டுத்தான் கலக்க வேண்டும். வேலை மிச்சம்தான். ஆனால் ஏற்கெனவே திகட்டுகிற கேக்கில் அது இன்னும் கொஞ்சம் சர்க்கரையைச் சேர்க்கிறது. இனிப்பில்லாத கிரீமை நாமே அடித்துச் சேர்ப்பதுதான் நல்லது.

பெட்டி மிக்ஸ் கிடைக்காத இடத்தில்

இந்தியக் கடைகளில் முட்டையில்லாத சாக்லேட் கேக் பிரீமிக்ஸ் கிடைக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் எடை ஒரு மாதிரி, சர்க்கரை ஒரு மாதிரி. அதைவிட வீட்டிலேயே கலந்துகொள்வது திடமான கணக்கு:

மைதா – 180 கிராம்
பொடித்த சர்க்கரை – 180 கிராம்
கோகோ பவுடர், இனிப்பில்லாதது – 45 கிராம்
பால் பவுடர் – 15 கிராம்
பேக்கிங் பவுடர் – ஒன்றரை டீஸ்பூன்
சமையல் சோடா – அரை டீஸ்பூன்
உப்பு – கால் டீஸ்பூன்

மொத்தம் 430 கிராம் சுமார் வரும். இந்த மிக்ஸிலேயே உப்பு இருப்பதால் மேலே பட்டியலிலுள்ள கால் டீஸ்பூன் உப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டாம்.

சர்க்கரையை மிக்ஸியில் பொடிப்பதைத் தவிர்க்காதீர்கள். சாதாரணக் கேக்கில் முட்டை, பால், எண்ணெயோடு அடிக்கும்போது சர்க்கரை பாதி கரைந்துவிடும். இங்கே அடிப்பதே இல்லை. இருக்கிற கொஞ்ச ஈரத்தில் முழுச் சர்க்கரை கரையாமல் பல்லில் நறநறவென்று கடிபடும். எல்லாவற்றையும் இரண்டு முறை சலியுங்கள். மேலே தூவிய பிறகு கலக்கும் வாய்ப்பே இல்லாததால், சோடா ஒரு மூலையில் கட்டியாக நின்றால் அந்தத் துண்டு சாப்பிடுகிறவருக்கு வாய் முழுக்கச் சோடா கசப்பு.

ஓரியோ கிடைக்காவிட்டால் பூர்பன் பிஸ்கட் நன்றாகவே பொருந்தும். அதுவும் இரண்டு சாக்லேட் பிஸ்கட்டுக்கு நடுவே கிரீம் வைத்ததுதான். 1910-இல் லண்டனில் பிறந்தது, 1912-இல் நியூயார்க்கில் வந்த ஓரியோவுக்கு இரண்டு வயது மூத்தது. அதன் கிரீமும் சாக்லேட்தான் என்பதால் கருப்பு வெள்ளை வேறுபாடு மட்டும் கிடைக்காது. கிரீம் இரட்டிப்பாக வைத்த 'டபுள் ஸ்டஃப்' ஓரியோவை வாங்காதீர்கள். அந்த வெள்ளைக் கிரீம் சர்க்கரையும் எண்ணெயும்தான்; சூட்டில் உருகி அடியில் எண்ணெய் தேங்கும்.

அடுக்கும் வரிசை

முதலில் ஓவனை 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 175–180 டிகிரி செல்சியஸில் போட்டுவிடுங்கள். 15 நிமிடமாவது சூடாக வேண்டும். ஓவனின் கம்பித்தட்டு நடு உயரத்தில் இருக்கட்டும். ட்ரேயின் அடியிலும் நான்கு பக்கமும் வெண்ணெய் தடவுங்கள். பக்கச் சுவரில் மேல்விளிம்பு வரைக்கும் தடவினால்தான் பிறகு கொதித்து ஏறும் பால் ஒட்டாமல் வரும்.

ஓரியோவில் 28-ஐக் கையாலேயே மூன்று நான்கு துண்டாக உடைத்து ட்ரேயில் பரப்புங்கள். மீதி 8 தனியே இருக்கட்டும். முழுக் குக்கீயாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும்; 5 வரிசைக்கு 7 என்று 35 குக்கீ கச்சிதமாக உட்காரும். ஆனால் வெந்தபின் கரண்டி போட்டால் குக்கீயின் மேலேயே வழுக்கி, அடி அடுக்கு ட்ரேயிலேயே தங்கிவிடும். நேர்மாறாக, மிக்ஸியில் போட்டுத் தூளாக்கினால் ஈரத்தை எல்லாம் அதுவே குடித்துவிடும். மேல் மாவுக்கு மிஞ்சாது. கட்டைவிரல் நகம் அளவிலிருந்து அரைக் குக்கீ வரை கலந்து கிடக்கும் துண்டுகள்தான் சரி.

குக்கீ அடியில் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்டென்ஸ்டு மில்க் நேரே சூடான உலோகத்தில் பட்டால் பாலும் சர்க்கரையும் சேர்ந்து அடிப்பிடித்துக் கருகும். குக்கீ அங்கே மெத்தை போல் தடுக்கிறது. ட்ரேயின் அடி எங்கும் வெறுமையாகத் தெரியாமல் துண்டுகளை நிரவுங்கள், முக்கியமாக மூலைகளில்.

அடுத்து கிரீம். கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, குளிர்ந்த கிரீமை அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் முனை எழும்பி மெல்லத் தலைசாய வேண்டும். அதற்கு மேல் அடிக்க வேண்டாம். அதில் கண்டென்ஸ்டு மில்க்கையும், பெட்டி மிக்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கால் டீஸ்பூன் உப்பையும் சேர்த்து ஸ்பாட்டுலாவால் மடித்து மடித்துக் கலந்து, குக்கீமேல் சமமாக ஊற்றிப் பரப்புங்கள். அடித்த கிரீம் கெட்டியாக இருப்பதால் உடனே குக்கீக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். அந்த ஈரம்தான் மேல் மாவின் அடிப்பக்கத்தை வேகவைக்கப் போகிறது.

25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் மட்டும்தான் கையில் இருக்கிறதா? அது எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. அடித்து ஏமாற வேண்டாம். 200 மி.லி. எடுத்துக் கண்டென்ஸ்டு மில்க்கோடு சும்மா கலந்து ஊற்றுங்கள். அதில் தண்ணீர் அதிகம், சீக்கிரம் குக்கீக்குள் இறங்கும். அதனால் பின்னால் வரும் பாலை 80 மி.லி. ஆகக் குறைத்துவிட்டு, கையோடு ஓவனில் வையுங்கள்.

மாவு அடுக்கும் வெண்ணெயும்

கேக் மிக்ஸைப் பெட்டியிலிருந்து நேரே கொட்டாதீர்கள். மலை ஒன்றும் பள்ளம் ஒன்றுமாக விழும், மலை விழுந்த இடத்தில் வேகாத மாவு நிச்சயம். சல்லடை வழியாகக் கிரீம்மேல் தூவுங்கள். ட்ரேயின் பரப்பு ஏறத்தாழ 760 சதுர செ.மீ.; 432 கிராம் மாவு பரவலாக விழுந்தால் அடுக்கு ஒரு செ.மீ. கனத்தைத்தான் தொடும். முள்கரண்டியால் லேசாக நிரவலாம். அமுக்கவே கூடாது. அமுக்கிய மாவுக்குள் பாலும் போகாது, வெண்ணெயும் போகாது.

இப்போது காபித் தூளை 120 மி.லி. பாலில் கரைத்து, கரண்டி கரண்டியாக மாவின் மேலெங்கும் சொட்டுங்கள். ஓரிடத்தில் ஊற்றினால் குழி விழுந்து அங்கேயே நிற்கும். எல்லா மாவும் நனையாது, நனையவும் வேண்டாம். சிறுத்தைத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தால் சரி. காபி இங்கே காபி ருசிக்காக அல்ல. அந்தக் கசப்பு சாக்லேட்டைத் தூக்கிக் காட்டி, கண்டென்ஸ்டு மில்க்கின் இனிப்பைக் கொஞ்சம் அடக்குகிறது.

பல செய்முறைகளில் இந்தப் பால் இருக்காது, வெண்ணெய் மட்டும்தான். அப்படிச் செய்தவர்கள்தான் மாவு வேகவில்லை என்று இன்னும் வெண்ணெய், இன்னும் வெண்ணெய் என்று 225 கிராம் வரை போகிறார்கள். கேக்காக மாற மாவிலுள்ள ஸ்டார்ச்சுக்குத் தண்ணீர் வேண்டும், பேக்கிங் பவுடர் வேலை செய்யவும் தண்ணீர் வேண்டும். வெண்ணெயில் தண்ணீர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் கொழுப்பு. கொழுப்பு மட்டும் பட்ட மாவு வெந்தால் நான்கட்டாய் பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பாக உதிரும். கொழுப்பும் தண்ணீரும் பட்ட மாவு பஞ்சாகும். ஒன்றும் படாத மாவு மாவாகவே இருக்கும். நல்ல டம்ப் கேக்கில் முதல் இரண்டும் கலந்து இருக்க வேண்டும்: கீழ்ப்பாதி ஈரமான கேக், மேல்பாதி உதிரும் மொறுமொறுப்பு. பால் கீழ்ப்பாதிக்கு, வெண்ணெய் மேல்பாதிக்கு.

வெண்ணெய் எவ்வளவு என்பதைவிட எப்படி நறுக்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு குச்சி வெண்ணெய் 113 கிராம். நீளம் சுமார் 12 செ.மீ., வெட்டு முகம் 3 செ.மீ. சதுரம். நமக்கு ஒன்றரைக் குச்சி, 18 செ.மீ. நீளம். 3 மி.மீ. கனத்தில் வில்லை போட்டால் 60 வில்லை வரும். சேர்ந்து மூடும் பரப்பு 540 சதுர செ.மீ. ட்ரேயோ 760. முப்பது சதவீத இடம் வெறுமையாக நிற்கும். அதே வெண்ணெயை 2 மி.மீ. கனத்தில் சீவினால் 90 வில்லை, 810 சதுர செ.மீ., முழுவதும் மூடிவிடும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டுச் சீவினால் மெல்லிசாக வரும். அதுவும் கைக்கு வராவிட்டால் வெண்ணெய்க் கட்டியை அரைமணி ஃப்ரீசரில் வைத்து, கேரட் துருவுகிற துருவியின் பெரிய கண்ணில் துருவி மேலெங்கும் தூவுங்கள். உள்ளதில் தவறே வராத வழி இதுதான். கை வெப்பத்தில் இளகுவதற்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எப்படி வைத்தாலும் மூலைகளிலும் ஓரங்களிலும் முதலில் வைத்து உள்ளே வாருங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்தால் மூலைக்கு வருவதற்குள் வெண்ணெய் தீர்ந்துவிடும்.

உருக்கி ஊற்றினால் சுலபமில்லையா என்று தோன்றும். ஊற்றிய இடத்தில் ஓடை வெட்டிக்கொண்டு ஓடி, தாழ்வான பக்கம் போய்த் தேங்கும். ஓடைக்கு இரண்டு பக்கமும் மாவு வறண்டிருக்கும். வில்லையாக வைத்தது ஓவனில் மெல்ல உருகி, இருந்த இடத்திலேயே இறங்கும்.

உப்புப் போட்ட பட்டர்தான் இருக்கிறது என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். கிரீமிலோ மிக்ஸிலோ சேர்க்கும் உப்பை விட்டுவிடுங்கள்.

அடுக்கி முடித்ததும் ஓவனில் வைத்துவிடுங்கள். முதல்நாள் இரவே அடுக்கி வைத்துக் காலையில் சுடலாம் என்று நினைக்க வேண்டாம். ஈரம் பட்ட சோடா இரவிலேயே பொங்கி அடங்கிவிடும், குக்கீயும் கூழாகும்.

ஓவனில்

ட்ரேக்கு அடியில் ஒரு பெரிய தட்டு வையுங்கள். ஓரத்தில் பால் கொதித்து வழிந்தால் ஓவன் அடியில் கருகிய சர்க்கரையைச் சுரண்டுவது பெரும்பாடு.

உலோக ட்ரேயில் 40 முதல் 45 நிமிடம். கண்ணாடி ட்ரே என்றால் 325 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 160–165 டிகிரி செல்சியஸில் 50 நிமிடம் வரை. கண்ணாடி மெல்லச் சூடேறும், ஏறிய சூடு இறங்காது. அதனால் ஓரம் கருகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடி ட்ரேயைச் சூடான ஓவனில் நேரே வைத்தால் விரிசல் விட்டு உடையலாம். ஃபேன் ஓடும் ஓவனில் 20 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொள்ளுங்கள்.

25-ஆவது நிமிடத்தில் கதவைத் திறந்து பாருங்கள். இந்த ஒரு நிமிடம்தான் கேக்கைக் காப்பாற்றும். வெண்ணெய் இறங்கிய இடம் கருத்து மினுமினுக்கும். இறங்காத இடம் வெளிறி, கரும்பலகையில் அழிக்காமல் விட்ட சாக்பீஸ் தடம் போலத் தெரியும். அங்கெல்லாம் ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான பாலும், அதன்மேல் அரை டீஸ்பூன் உருக்கிய வெண்ணெயும் விடுங்கள். வெண்ணெயை மட்டும் விட்டால் நிறம் மாறும், உள்ளே வேகாது. குளிர்ந்த பால் வேண்டாம்.

30-ஆவது நிமிடத்தில் மீதமிருக்கும் 8 குக்கீயையும் உடைத்து மேலே தூவி, மறுபடி வையுங்கள். முதலிலேயே மேலே தூவியிருந்தால் கருகியிருக்கும். அதிலும் ஓரியோ முதலிலேயே கருப்பு என்பதால் கருகினது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும்.

வெந்ததா என்று பார்ப்பதிலும் இதே சிக்கல். சாக்லேட் கேக்கில் 'பொன்னிறமானதும் எடுக்கவும்' என்பதற்கு இடமில்லை. பார்க்க வேண்டியது வேறு: நான்கு ஓரத்திலும் கெட்டியான குமிழ் மெதுவாக வெடிக்கிறதா, மேல்பரப்பில் பவுடர் போல வெளிறிய இடம் எதுவும் இல்லையா, ட்ரேயை லேசாக ஆட்டினால் ஓரம் அசையாமல் நடு மட்டும் கொஞ்சம் தளும்புகிறதா. பல் குத்தும் குச்சியை மேல் அடுக்குக்குள் மட்டும் செருகுங்கள். ஈரப் பருக்கை ஒட்டினால் பரவாயில்லை, கூழாக ஒட்டினால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அடிவரை குத்தினால் கண்டென்ஸ்டு மில்க் ஒட்டிக்கொண்டு எப்போதும் ஈரமாகத்தான் வரும், அதைப் பார்த்து இன்னும் சுட்டால் ஓரம் டாஃபியாக இறுகிவிடும்.

வெந்த கேக் உயரமாக எழும்பாது. மூன்று நாலு செ.மீ. இருந்தால் அதுதான் அதன் உயரம்.

எடுத்து 30 நிமிடமாவது ஆறவிடுங்கள். சுடச்சுட எடுத்தால் அடுக்கு தெரியாது, எல்லாம் ஒரே களி. கொதிக்கும் கண்டென்ஸ்டு மில்க் நாக்கில் ஒட்டிக்கொண்டு சுடும், குழந்தைகளுக்கு வைக்கும்போது கவனம்.

சின்ன ஓவனுக்கு

நம் வீட்டு ஓடிஜி பலவற்றில் 9×13 ட்ரே நுழையாது. 8 அங்குலச் சதுர ட்ரேக்கோ 9 அங்குல வட்ட டின்னுக்கோ மேலே சொன்னதில் சரிபாதி போடுங்கள்; இரண்டின் பரப்பும் ஏறக்குறைய சமம், பெரிய ட்ரேயில் பாதிக்குச் சற்றே கூடுதல். 18 குக்கீ, 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க், 120 மி.லி. கிரீம், 215 கிராம் மிக்ஸ், 60 மி.லி. பால், 85 கிராம் வெண்ணெய். 35 முதல் 40 நிமிடம். பெட்டி மிக்ஸைப் பாதியாகப் பிரிப்பதற்கு முன் ஒரு கிண்ணத்தில் கொட்டி நன்றாகக் கலந்துவிட்டு எடைபோடுங்கள். பெட்டிக்குள் சர்க்கரையும் சோடாவும் அடியில் தங்கியிருக்கலாம். ஓடிஜியில் மேல்கம்பி ட்ரேக்கு அருகில் இருப்பதால், 25 நிமிடத்துக்குப் பிறகு அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போர்த்தலாம். கடைசி ஐந்து நிமிடம் எடுத்துவிடுங்கள்.

குக்கரில் மணல் போட்டுச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். குக்கரில் சூடு அடியிலிருந்துதான் வரும். கண்டென்ஸ்டு மில்க் அடியில் கருகுவதற்கும், மேலே மாவு அரைகுறையாக வேகுவதற்கும் இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. மூடியில் சேரும் நீர் வேறு சொட்டும்.

ஏன் இப்படி ஆனது?

வெட்டியதும் நடுவில் மாவு வறண்டு தெரிந்தால் அந்தத் துண்டைச் சாப்பிட வேண்டாம். வேகாத மாவில் கிருமி இருக்கலாம். அந்த இடத்தைக் கரண்டியால் கிளறி, இரண்டு மேஜைக்கரண்டி சூடான பால் விட்டு, 10 நிமிடம் திரும்ப ஓவனில் வையுங்கள். அழகு போகும், கேக் பிழைக்கும்.

மேலே எண்ணெய் மிதந்தால் வெண்ணெய் அதிகம், அல்லது ஓவன் சூடாவதற்கு முன்பே வைத்துவிட்டீர்கள். மாவு வேகத் தொடங்கும் முன் வெண்ணெய் உருகி ஓடிவிடுகிறது. ஆறும்போது ஓரளவு உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு மேலும் நின்றால் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள்.

அடி கூழாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஆறவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் ஓடினால் ட்ரே சின்னது, அடுக்கு கனமாகிவிட்டது. அடுத்த முறை அளவை மாற்றாமல் ட்ரேயை மாற்றுங்கள்.

ஓரம் கல்லாக இறுகி நடு மட்டும் நன்றாக இருந்தால் ஓவனின் உண்மைச் சூடு எண்ணில் காட்டுவதைவிட அதிகம். வீட்டு ஓவன்கள் பத்து இருபது டிகிரி பொய் சொல்வது சாதாரணம். உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கினால் எல்லாக் கேக்குக்கும் உதவும்.

குக்கீ மொறுமொறுப்பாக இல்லையே என்றால், அடியிலுள்ளது இருக்கவும் செய்யாது. அது பாலில் ஊறிக் கறுப்புப் புட்டிங் போல ஆவதுதான் இதன் ருசி. மொறுமொறுப்பு வேண்டுமானால் மேலே தூவும் 8-ஐப் 12 ஆக்கி, அடியில் 24 போடுங்கள்.

பரிமாற வெனிலா ஐஸ்கிரீம் என்று எல்லாரும் சொல்வார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இனிப்புக்கு மேல் இனிப்பு. சர்க்கரை சேர்க்காமல் அடித்த கிரீம் ஒரு கரண்டி, அல்லது பக்கத்தில் சர்க்கரை குறைத்த டிகிரி காபி இருந்தால் இரண்டாவது துண்டுக்கும் கை நீளும். ட்ரேயை 15 துண்டாகப் போடுங்கள். 12 போட்டால் பாதி பேர் தட்டில் மிச்சம் வைப்பார்கள்.

மீந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். பால் அடுக்கு இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட வேண்டாம். ஒரு துண்டுக்கு மைக்ரோவேவில் 20 விநாடி போதும்; மேல்பகுதி மொறுமொறுப்பு திரும்ப வேண்டுமென்றால் ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம்.